முகத்தில் மங்கா? மலையேறும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களில் பலருக்குக் கன்னத்தில் மங்கு இருக்கிறது. ரத்தம் கெட்டதால் வந்தது என்பார்கள். அப்படியில்லை. தோலில் நிறமி சுரக்கும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் அவற்றைத் தூண்டும். அழுக்கல்ல என்பதால் தேய்த்தால் போகாது. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் நின்றால் இன்னும் கறுக்கும்.

1. மங்குதானா என்று பாருங்கள்

கன்னம், நெற்றி, மேலுதட்டின் மேல் இருபுறமும் ஒரே மாதிரி, அரிப்பில்லாத பழுப்புத் திட்டு என்றால் பெரும்பாலும் மங்குதான். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அது மங்கல்ல, சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள்.

2. வெயிலை மறையுங்கள்

மூடுபனியை நம்பாதீர்கள். மெல்லிய மேகத்தையும் தாண்டி 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிர் இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏற ஏற 10 சதவீதம் போலக் கூடும். தலைத்துண்டு நெற்றியைத்தான் காக்கும், கன்னத்துக்கு அகன்ற தொப்பி வேண்டும். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகம், கழுத்தில் பூசுங்கள், வியர்த்தால் மறுபடியும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்து வகை இன்னும் நல்லது.

3. பேர் தெரியாத ட்யூப் வேண்டாம்

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதல் வாரம் முகத்தைப் பளிச்சென்று காட்டும். பிறகு தோல் மெலிந்து, சிவந்த நரம்பு தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். 2018இல் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென அரசு கட்டுப்படுத்தியது. 2023இல் மலப்புரத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பழுதானது. நீங்கள் ஏற்கெனவே பூசி வந்தால் சட்டென்று நிறுத்தாமல் ட்யூபோடு மருத்துவரிடம் போங்கள்.

4. மருத்துவர் தருவது

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. அங்கே தோல் பிரிவில் காட்டலாம். இரவில் மட்டும் பூசும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலவையைச் சில மாதத்துக்குத் தருவார்கள். டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் உண்டு; ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. லேசர் கடைசி வழி. நம் நிறத் தோலில் மங்கு கூடிவிடவும் வாய்ப்புண்டு.

பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

5. கர்ப்பிணி என்றால்

மேலே சொன்ன மருந்துகளைத் தவிருங்கள். பிரசவத்துக்குப் பின் சில மாதத்தில் தானே வெளுப்பதுண்டு. அதுவரை தொப்பியும் சன்ஸ்கிரீனும் போதும்.