வெயில் ஏறுமுன் நஸ்டர்ஷியம் விதைகளை எடுத்துவிடுங்கள்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் இந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் நஸ்டர்ஷியம் விதை சேகரிக்கத் தோதான நேரம். கோவை, ஓசூர், பெங்களூரு பக்கம் ஐப்பசியில் விதைத்து, மார்கழி, தை முழுக்கப் பூத்த தொட்டிச் செடிகளில் இப்போது அடியிலைகள் மஞ்சளாகித் துவளத் தொடங்கியிருக்கும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் நிலைமை வேறு. உறைபனிக்குத் தப்பிய கொடிகள் அங்கே இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். ஆனால் கோடை மழை இறங்கிவிட்டால் தரையில் கிடக்கும் விதை ஒன்று முளைத்துவிடும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

செடி முழுவதும் காயட்டும், பிறகு மொத்தமாகக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அள்ளியதில் எது எந்தச் செடியின் விதை என்று தெரியாது. கடைசியில் பூத்த நோஞ்சான் பூக்களின் விதையும் அதில் நிறையக் கலந்திருக்கும். பூ இருக்கும்போதே தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். விதை சேமிப்பில் பாதி வேலை அதுதான். இன்றைக்கே தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த நிறம், இலைக்கு மேலே எழும்பி நிற்கும் பூக்கள், அசுவினி அதிகம் அண்டாத தண்டு ஆகிய மூன்றும் சேர்ந்த செடி எது என்று பார்த்து, அதன் அடித்தண்டில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இலையில் தேமல் விழுந்த செடி எவ்வளவு பூத்திருந்தாலும் விதைக்கு வேண்டாம்.

நிறம் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தி மங்கலில் இந்தச் செம்மஞ்சள் பூக்கள் கண்ணை ஏமாற்றும். பளிச்சென்று மின்னி மறைவதுபோல் தோன்றும். தாவரவியலாளர் லின்னேயஸின் மகள் எலிசபெத் கிறிஸ்டினா ஸ்வீடனில் தன் வீட்டுத் தோட்டத்தில் இதைக் கவனித்து, 1762ல் எழுதி வெளியிட்டார். பூவில் மின்சாரம் ஏதோ இருக்கிறது என்றுகூட நெடுங்காலம் நம்பினார்கள். மங்கிய ஒளியில் நம் கண் செய்யும் வேலை அது என்பது பிறகுதான் தெரியவந்தது.

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் வைத்திருந்தால் தேனீக்கள் இரண்டையும் கலந்துவிடும். சிவப்புச் செடியில் எடுத்த விதை அடுத்த ஆண்டு சிவப்பாகவே பூக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கலவையாகப் பூத்தால் அழகுதான் என்பவர்கள் இதை விட்டுவிடலாம். ஒரே நிறம்தான் வேண்டும் என்றால், குறித்து வைத்த செடியில் நாளை விரியப்போகும் மொட்டுகள் சிலவற்றை மல் துணிப் பையால் மூடிவிடுங்கள். பூ விரிந்ததும் உள்ளே பாருங்கள். எட்டு மகரந்தப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வாய்திறக்கும். எல்லாம் ஓய்ந்த பிறகே நடுவிலிருக்கும் சூல்தண்டு நீண்டு, நுனி மூன்றாகப் பிளக்கும். அப்போது அதே செடியின் இளம்பூ ஒன்றிலிருந்து மகரந்தத்தைச் சிறு தூரிகையால் எடுத்து அந்த நுனியில் தடவி, பையை மறுபடி கட்டிவிடுங்கள். காய் பிடித்த பின் பை வேண்டாம். காம்பில் ஒரு நூல் கட்டினால் போதும்.

பூ உதிர்ந்ததும் காம்பு வளைந்து இலைகளுக்கடியில் போய்விடும் என்பதால், மேலிருந்து பார்த்தால் ஒரு காய்கூடக் கண்ணில் படாது. கொடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மூன்று பச்சைக் கொண்டைக்கடலைகளை ஒட்டவைத்தாற்போல் காய் தொங்கும். ஒவ்வொரு பிரிவும் ஒரு விதை. கரும்பச்சையாக, சிறியதாக, காம்போடு இறுகிப் பிடித்திருப்பவற்றைத் தொடாதீர்கள். பறித்தால் அவை சுருங்கிப் போகுமே தவிர முளைக்காது. நன்றாகப் பருத்து, பச்சை வெளுத்து, தோலில் வரிகள் எழும்பி, விரல் பட்டதுமே மூன்றாகப் பிரிந்து கையில் விழுவதுதான் முதிர்ந்த விதை. பலம் போட்டுப் பிய்க்க வேண்டியிருந்தால் அது இன்னும் தயாராகவில்லை. சில விதைகள் தாமாகவே உதிர்ந்து செடியடியில் கிடக்கும். குறித்த செடியின் அடியில் ஒரு பழைய துணியை விரித்து வைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாக் காயும் ஒரே நாளில் முதிராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொடியைத் தூக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலான விதைகள் வீணாகின்றன. பறித்த அன்றே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால், உள்ளிருக்கும் ஈரத்தில் சில நாளிலேயே வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். முறத்திலோ செய்தித்தாளிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் பத்துப் பதினைந்து நாள் உலரவிடுங்கள். நேர்வெயில் வேண்டாம். தினமும் ஒருமுறை கையால் புரட்டிவிடுங்கள். பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, தோல் சுருங்கி, அளவும் பாதிபோல் குறைந்துவிடும். அப்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கல்லென்று நின்றால் சரி. மலைப்பகுதியில் பனிமூட்டமான நாட்களில் எவ்வளவு உலர்த்தினாலும் இந்தப் பதம் வராது. வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து, விதையுடன் ஒரு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து எடுங்கள்.

தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பொக்கு என்று கழிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. நஸ்டர்ஷியத்துக்கு அது சரிப்படாது. விதையின் மேல்தோல் காற்றறைகள் நிறைந்தது என்பதால் நல்ல விதையும் மிதக்கும். கையில் எடுத்து, ஓட்டை விழுந்ததையும், அழுத்தினால் நொறுங்குவதையும் மட்டும் தள்ளுங்கள்.

மீதியைக் காகித உறையில் போட்டு, நிறம், கொடியா குத்துச்செடியா என்பது, எடுத்த மாதம், ஆண்டு ஆகியவற்றை உடனே எழுதிவிடுங்கள். உறைகளை மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். சரியாக உலர்ந்த விதை மூன்று நான்கு ஆண்டுகள்கூட முளைப்புத்திறனோடு இருக்கும். ஆனாலும் ஆண்டுதோறும் புது விதை சேர்ப்பதே நல்லது. விதைக்கும் பருவத்துக்கு முன்னால் பத்து விதைகளை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் கவலையில்லை. பாதிதான் முளைத்தது என்றால் குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள்.

சமவெளியில் அடுத்த விதைப்பு ஐப்பசியில்தான். மலையில் இருப்பவர்கள் சென்ற ஆண்டு விதை வைத்திருந்தால், பனி விட்ட இடங்களில் இப்போதே ஊன்றலாம்; மே மாத சீசனுக்குப் பூத்துவிடும். ஊன்றும் ஆழம் விரல்கணு அளவு போதும். வேரை அசைத்தால் செடி சுணங்கும் என்பதால், எங்கே வளர வேண்டுமோ அங்கேயே நேரடியாக ஊன்றுங்கள். தொழுவுரத்தை அள்ளிப் போட்டுவிட வேண்டாம். மண் செழித்தால் இலைதான் கொழிக்கும், பூ குறையும்.

விதைக்குத் தேவையில்லாத பச்சைக் காய்களை வீணாக்க வேண்டாம். மருந்து அடிக்காத செடியாக இருந்தால், உப்புநீரில் ஓரிரு நாள் ஊறவைத்து வினிகரில் போடலாம். கடுகின் காரம் ஏறிய நல்ல ஊறுகாயாகும்.

மலைவாசிகளிடம் ஒரு வேண்டுகோள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த இந்தக் கொடி, நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டத்தைத் தாண்டித் தானே பரவிவிட்டது. சாலையோரச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் அது மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் வாடிய கொடிகளை விதையோடு பிடுங்கி ஓடைப்பக்கமோ சோலைக்காட்டு ஓரத்திலோ வீசாதீர்கள். உதிரும் விதைகளைப் பொறுக்கியபின், கொடியை உங்கள் வேலிக்குள்ளேயே குழியில் போட்டு மூடுங்கள். அந்த இடத்தில் முளைத்து வருவதை மழைக்காலத்தில் இரண்டு முறை களைந்துவிடுங்கள்.