தேசிங்கு ராஜனும் சிங்கவரத்து அரங்கனும்

போளூர்ச் சம்பத்கிரியில் ஸ்ரீலக்ஷ்மீநரசிம்ஹனைச் சேவிக்க வரும் அடியார்களுள் பலர், செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் சென்று ஸ்ரீரங்கநாதனையும் சேவித்திருப்பர். அங்குச் சயனத் திருக்கோலத்தில் திருமுகம் ஒருபுறம் திரும்பியிருப்பதற்குக் காரணம் கூறுவர்: போருக்குப் புறப்பட்ட தேசிங்கு ராஜன் விடை வேண்டி நின்றான், பெருமாள் இசையாமல் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டான். இக்கூற்றுப் பிறந்த விதம் சிந்திக்கத்தக்கது.

சரித்திரம் கூறுவது சுருக்கமே. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்கோட்டையைப் பெற்ற பந்தேல இராஜபுத்திரர் சுவரூப்சிங் 1714-இல் காலமானார். மைந்தர் தேஜ்சிங், கப்பப் பாக்கி கேட்ட ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கு இணங்க மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே சிறு படையுடன் எதிர்த்து மாண்டார். வயது 22. ஆண்டது ஓராண்டும் நிறையவில்லை. அவர் முன்னோர் நாடு வடக்கே, தாய்மொழியும் தமிழன்று.

செஞ்சியை நெடுங்காலம் ஆண்ட நாயக்கர்களின் பெயர்களை இன்று சொல்வார் அரியர். தேஜ்சிங்கோ தேசிங்காகித் தமிழ்ப்பிள்ளை ஆகிவிட்டார். இது நாட்டுப்பாடகர் செய்த வேலை. எவர்க்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அவர் அடக்கியதும், வாளை வானில் எறிந்து மார்பில் ஏற்று உயிர்நீத்ததும் தேசிங்குராஜன் கதையில் வளர்ந்தவை.

மேலைநாட்டிலும் இவ்வாறு உண்டு. 778-இல் சார்லமேன் மன்னரின் பின்படையை மலைவாழ் பாஸ்க்கு மக்கள் தாக்கியபோது ரோலாந்து இறந்தார். முந்நூறு ஆண்டுகட்குப் பின் எழுந்த பிரெஞ்சுப் பாட்டு, பகைவரை முகம்மதியராக மாற்றிவிட்டது. நம் கதைப்பாடலோ, நவாபின் படையை எதிர்த்து நிற்கும் தேசிங்கின் அருகிலேயே மோவுத்துக்காரன் என்னும் முகம்மதிய நண்பனை நிறுத்துகிறது. தன் திருமணப் பந்தலிலிருந்து எழுந்துவந்து அவன் உயிர் கொடுக்கிறான். இவ்விஷயத்தில் நம் பாடகரே மேலானவர் எனத் தோன்றுகிறது.

இனி, திருமுகம். சிங்கவரம் பல்லவர் காலக் குடைவரை. மூர்த்தி மலைப்பாறையிலேயே வடிக்கப்பெற்றது. தேசிங்குக்கு ஏறத்தாழ ஆயிரமாண்டு முந்தியது. ஆகவே நிகழ்ச்சி திருமேனியை மாற்றவில்லை. முன்பே இருந்த திருமேனியில் மக்கள் தம் துக்கத்துக்குரிய பொருளைக் கண்டனர். அவ்வளவு இளைய வீரனின் சாவைப் பெருமாள் பொறுத்திருப்பானோ என்னும் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது. அதனைப் பொய் என்று தள்ளுதல் எளிது. அக்கேள்வியைத் தள்ளுதல் எளிதன்று.

உடன்கட்டை ஏறிய தேசிங்கின் தேவியின் நினைவாக, வென்ற நவாபே இராணிப்பேட்டையை ஏற்படுத்தினார் என்று வழங்குகிறது.