உழைப்பு போதவில்லையா?

கேள்வி: அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் மீண்டும் தோற்றுவிட்டேன். உழைப்பு போதாது என்கிறார்கள் வீட்டில். சரிதானா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: இல்லை, சகோதரி. 2022 தேர்வில் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். பிறகு இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டியபோதும் இருநூறுக்கு மேல். அத்தனை பேரும் இரவு பகலாகப் படித்திருந்தால்கூட வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்காது, கட்-ஆஃப்தான் ஏறியிருக்கும். “படித்தவர்கள் வென்றார்களே” என்பார்கள். உண்மைதான், படிப்பு வரிசையில் உங்களை முன்னே நகர்த்தும், புதிய இடத்தை உண்டாக்காது. எனக்குக் கூடுதல் வருத்தம் தருவது காத்திருப்பு: அந்த ஆண்டு ஜூலையில் எழுதிய தேர்வுக்கு மறு ஆண்டு மார்ச்சில்தான் முடிவு வந்தது. அப்படிப்பட்ட எட்டு மாதங்களை முடிவுக்காகவே ஒதுக்கிவிடாமல், வேறு வேலைகளுக்கும் விண்ணப்பியுங்கள். வீட்டாரிடம் இந்தக் கணக்கையும் காட்டுங்கள்.