மார்வலி கண்டால்: மகர்பட்டாவாசிகளுக்குச் சில குறிப்புகள்

புனே நகரின் ஹடப்சர் பகுதியில், உழவர் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டாவில், உத்தியோக நிமித்தம் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள், ஹிருதய நோயின் அபாய வேளையில் திகைத்து நில்லாதிருக்கும் பொருட்டு, இவற்றை மனத்தில் இருத்துவது உத்தமம்.

● நெஞ்சின் நடுவே இறுக்கமும், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் தோன்றினால், வாயுவென்று கருதிக் கஷாயம் காய்ச்சிக் காலத்தைப் போக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் களைப்பும் மூச்சுத்திணறலும் குமட்டலுமே அறிகுறியாகலாம்.

● ஜாஸ்மினியம், ஹெலிகோனியா என்று செடிகொடிகளின் பெயர் பூண்ட குடியிருப்புகளில் கட்டடங்கள் ஒன்றுபோலவே தோன்றுமாதலால், பெயர், கட்டட எண், மாடி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை வாயிலில் நிறுத்தி, லிஃப்டையும் தரைத்தளத்தில் பிடித்து வைக்கச் செய்யுங்கள்.

● நோயாளியை நடக்கவிடாது சாய்ந்து அமரச் செய்யுங்கள். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவராயின், தொலைபேசியில் மருத்துவப் பணியாளரைக் கேட்டு, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். அவரே வண்டி ஓட்டிச் செல்லுதல் ஆகாது.

● பிரக்ஞை தப்பி, சுவாசமும் நின்றுவிட்டால், மார்பின் மத்தியில் இரு கைகளாலும் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள்.

● மருத்துவமனையை அடைந்த 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி.யும், ரத்தக்குழாய் முற்றிலும் அடைபட்டிருப்பின் 90 நிமிஷத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டியும் நிகழ்வதே சிலாக்கியமாதலால், இரவிலும் அச்சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை அருகில் எதுவென்பதை இன்றே விசாரித்துக் குறித்து வையுங்கள்.