எந்தத் தவறு பெரிய தவறு?

அன்புள்ள தம்பிக்கு,

மோசடியைக் கண்டுபிடிக்கும் உன் மாடல் 99.8 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் மாடலை ஓட்டிப் பார்த்த சந்தோஷம் கடிதம் முழுக்கத் தெரிந்தது. அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நீ எடுத்துக்கொண்டது ஐரோப்பிய கிரெடிட் கார்டு தரவு. 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள். அவற்றில் மோசடி 492 மட்டுமே. எதையும் ஆராயாமல், வருவதையெல்லாம் ‘மோசடி இல்லை’ என்று சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கும் இதே 99.8 சதவீதம் கிடைத்துவிடும். அது ஒரு மோசடியைக்கூடப் பிடித்திருக்காது.

ஆகவே மொத்தத் துல்லியத்தை ஓரமாக வை. இருந்த மோசடிகளில் எத்தனை பிடிபட்டன? இதற்கு ரீகால் என்று பெயர். மோசடி என்று மாடல் கைகாட்டியவற்றில் எத்தனை நிஜமான மோசடி? அது பிரிசிஷன். எவ்வளவு சந்தேகம் வந்தால் மோசடி என்று சொல்ல வேண்டும் என்ற எல்லைக்கோட்டை நாம்தான் வைக்கிறோம். கோட்டைத் தாழ்த்தினால் ரீகால் ஏறும், பிரிசிஷன் பெரும்பாலும் இறங்கும்.

கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் மாடல் ஒன்றை கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு சோதனைத் தொகுப்பில், கோட்டைத் தாழ்த்தி வைத்தபோது பாதிப்புள்ள படங்களில் 97.5 சதவீதத்தைப் பிடித்தது, பாதிப்பில்லாதவற்றில் 93.4 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. உயர்த்தி வைத்தபோது அவை 90.3, 98.1 என்று மாறின. மாடல் ஒன்றேதான். கண் பரிசோதனை முகாமில் வைப்பதானால் நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். மருத்துவமனைக்கு வீணாக அனுப்பப்பட்டவருக்கு ஒரு நாள் கூலி போகும். அது சிறிய இழப்பில்லை. ஆனால் தவறவிடப்பட்டவருக்குப் பார்வையே போகலாம்.

இன்னொன்று: மாடல் பார்த்தே இராத தரவில்தான் சோதிக்க வேண்டும். ஒருவரின் இடக்கண் படம் பயிற்சியிலும் வலக்கண் படம் சோதனையிலும் இருந்தால் அது சோதனையே ஆகாது. உன் தரவில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் அதில் ஏறக்குறைய நூறு மோசடிதான் இருக்கும். ஒன்று தப்பினாலே ரீகால் ஒரு சதவீதம் ஆடிவிடும். அதனால் தரவை ஐந்து பாகமாக்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை சோதனைக்கு வைத்துப் பார்.

அதற்குப் பிறகும் களம் வேறு. அதே கண் ஆய்வுத் தொழில்நுட்பத்தை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த நோயாளிகளிடம் சோதித்தபோது, பாதிப்பைப் பிடித்தது முறையே 88.9, 92.1 சதவீதம். தாய்லாந்து கிளினிக்குகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களைத் தரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பியது. போதிய அளவு இருட்டாக்கப்படாத அறையில் எடுத்த படங்களும் அவற்றில் இருந்தன.

அடுத்த கடிதத்தில் சதவீதம் வேண்டாம். சோதனைத் தரவில் எத்தனை மோசடி இருந்தது, எத்தனை தப்பியது, எத்தனை நல்ல பரிவர்த்தனையை உன் மாடல் சந்தேகப்பட்டது என்று எண்ணி எழுது.

அன்புடன்,
அண்ணன்