பழைய கம்ப்யூட்டர்: பாகம் மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?



பில் போடும் கம்ப்யூட்டர் சில வருடங்கள் உழைத்ததும் மெதுவாகிவிடுகிறது. வாடிக்கையாளர் பையுடன் நிற்க, திரை அசையாமல் இருக்கிறது. சர்வீஸ் செய்யும் ஒருவர் "இது தேறாது, புதிது வாங்குங்கள்" என்கிறார். இன்னொருவர் "ஒரு பாகம் மாற்றினால் போதும்" என்கிறார். யார் சொல்வது சரி என்பதை நாமே எடைபோட வேண்டும். கொள்முதலில் காட்டும் நிதானம் இதிலும் தேவை.

1. குறை எங்கே என்று பாருங்கள்

மெஷினைப் போட்டு விண்டோஸ் வருவதற்கும், பேரேட்டைத் திறப்பதற்கும் பல நிமிடங்கள் ஆனால், பெரும்பாலும் காரணம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் நன்றாகத் தெரியும். நாளை புதிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதைப் பெரும்பாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம், பணம் வீணாகாது.

பில் புரோகிராமும் பிரௌசரும் சேர்ந்து திறந்தால் மட்டும் திணறுகிறது என்றால் ராம் போதவில்லை. ஆனால் டிடிஆர் 3 ராம் போடும் போர்டில் டிடிஆர் 4 பொருந்தாது. பழைய மெஷினுக்கு வாங்கும் ராம் புதியதற்கு உதவாமல் போகலாம்.

தினமும் காலையில் தேதி பின்னோக்கிப் போய்விட்டால், நாணயம் போன்ற சிறு பேட்டரியை மாற்றினால் போதும். இதை அலட்சியம் செய்தால் பில்களில் தேதி தவறும். திடீரென்று நின்றுபோனால் முதலில் தூசியைப் பாருங்கள். மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த்தூளும் ஃபேனில் படிந்து சூடு ஏறும். சுத்தம் செய்தும் நிற்கிறது, மதர்போர்டு பழுது என்று உறுதியானால், பழைய மெஷினில் மேலும் பணம் போட வேண்டாம்.

2. விண்டோஸின் ஆயுளைக் கேளுங்கள்

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியிலும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும், 64 ஜிபி இடமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்கள் அதன் பட்டியலில் இல்லை. அத்தகைய மெஷினில் ராமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டால் வேகம் வருமே தவிர, இந்தக் குறை தீராது. இன்டர்நெட் இல்லாமல் பில் மட்டும் போட அதை வைத்துக்கொள்ளலாம். பாங்கு வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் அதில் வேண்டாம்.

3. வருடக் கணக்காகப் பாருங்கள்

மொத்த விலையைப் பார்த்து மலைக்காமல், வருடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ரூ.6,000 செலவில் பாகம் மாற்றி 3 வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு ரூ.2,000. புதியது ரூ.42,000, 7 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு ரூ.6,000. இங்கே பாகம் மாற்றுவதே லாபம். அதே பழைய மெஷினுக்கு ரூ.12,000 செலவழித்து ஒரு வருடம்தான் ஓடும் என்றால், புதியதே மலிவு.

புதிய கம்ப்யூட்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முறையான பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வரியையும் விலையில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

4. கூட இருக்கும் சாமான்களை மறக்காதீர்கள்

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான கேபிளுக்கும், எலக்ட்ரானிக் தராசின் 9 பின் கேபிளுக்கும் புதிய மெஷின்களில் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. மாற்றுக் கேபிள் கிடைக்கும். ஆனால் நம் பிரிண்டரில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். டாஸ் காலத்துப் பில் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. புது புரோகிராம் வாங்க நேர்ந்தால் அந்தச் செலவும் கணக்கில் சேரும்.

5. கணக்கைக் காப்பாற்றுங்கள்

எந்த முடிவு எடுத்தாலும், மெஷினைத் திறக்கும் முன் கணக்கை இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, இருப்பும் பாக்கியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் அப்படியே கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரமும் பாங்கு விவரமும் அதில் இருக்கும்.

தீபாவளி, பொங்கல் வியாபாரத்தின் போதும், மாதம் 20ஆம் தேதி 3பி தாக்கல் நெருங்கும் போதும் மாற்ற வேண்டாம். மந்தமான வாரத்தில் மாற்றி, பழையதையும் ஒரு மாதம் கைவசம் வைத்திருங்கள்.

கம்ப்யூட்டர் போனால் வேறொன்று வாங்கலாம். யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற கணக்கு போனால், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே இன்றே கடை சாத்தும் முன் ஒரு நகல் எடுத்துவிட்டு, பிறகு எது லாபம் என்று யோசியுங்கள்.