காஞ்சியின் நூலும் சீனத்தின் எழுத்தும்



சென்ற மழைக்காலத்தில், புனேயில் நம்மவர் கூடும் விகாரம் ஒன்றிற்கு ஜப்பான் தேசத்துப் பிக்கு ஒருவர் எழுந்தருளினார். பிரஞ்ஞா பாரமிதா இருதய சூத்திரத்தைத் தம் நாட்டு முறைப்படி அவர் ஓதி முடித்ததும், பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, இது பாளியில் எந்தச் சுத்தத்தில் வருகிறது?" என்று என்னை வினவினாள். நூற்பாலையில் உழைத்து, இரவில் எழுத்துக் கூட்டிப் படித்து உபதேசகனானவன் யான். தெரியாது என்று சொல்ல நாணி, "நம் திரிபிடகத்தில் உள்ளதே, ஓசை மட்டும் வேறு" என்று கூறிவிட்டேன்.

பின்னர்ப் படித்தறிந்தேன். அச்சூத்திரம் பாளித் திரிபிடகத்தில் இல்லை. ஜப்பானியர் ஓதுவது, யுவான் சுவாங் பெயரால் வழங்கும் சீன மொழிபெயர்ப்பாகும். அடுத்த ஞாயிறன்று சபை நடுவே என் பிழையை ஒப்புக்கொண்டேன். அறியாததை அறிந்ததாகச் சொல்வது பொய் என்பதன்றோ நாம் ஏற்ற சீலம்! அன்று முதல் தேடியறிந்தவற்றையே இப்பாடமாக எழுதுகின்றேன்.

அயல்மொழி நமக்கு எதற்கு?

அச்சிறுமி சீன, ஜப்பானிய மொழிகளைக் கற்க விரும்பினாள். வீட்டுவேலை செய்து குடும்பம் காக்கும் அவள் தாயோ, "இந்தப் படிப்பு சோறு போடுமா, ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியே. அதற்கு விடை பின்னே வரும். முதலில், அது நமக்கு உரிய படிப்புத்தானா என்று பார்ப்போம்.

ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகையில், நூறு சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் அங்கு இருந்ததாகக் குறிக்கின்றார். நாலந்தையில் தலைமைப் பேராசானாக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்பதையும் அவரே உரைக்கின்றார். திக்நாகர் இயற்றிய ஆலம்பன பரீட்சை என்னும் நூலுக்குத் தருமபாலர் உரை வகுத்தார். அவ்வுரையின் சமஸ்கிருத மூலம் அழிந்தது. இத்சிங் என்னும் சீனப் பிக்கு செய்த மொழிபெயர்ப்பிலேயே அது இன்றும் உயிர் வாழ்கின்றது. அய்யாசாமி சாஸ்திரி என்னும் அறிஞர், திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளைக் கொண்டு நூலையும் உரையையும் மீண்டும் சமஸ்கிருதமாக்க, 1942இல் சென்னை அடையாறு நூலகம் அதனை வெளியிட்டது.

காஞ்சியில் பிறந்தவர் எழுதியதைக் காண நாம் சீன எழுத்தின் வாயிலைத் தட்ட வேண்டியிருக்கின்றது. ஆகலின் அது அயலார் மொழியாயினும், அதனுள் இருப்பது நம் முன்னோர் பொருள்.

புனே காட்டிய வழி

இவ்வழியில் நடந்தோர் நம் நகரத்திலேயே இருந்தனர். 1876இல் கோவாவில் பிறந்த தர்மானந்த கோசாம்பி, முறையான பள்ளிப் படிப்பு நிரம்பாதவர். சமஸ்கிருதம் கற்கப் புனே வந்தார். இலங்கை சென்று பாளி கற்றார். பின் பெர்குசன் கல்லூரியிலேயே பாளி ஆசிரியரானார். அவர் மாணாக்கர் பி. வி. பாபட். இவர் பாளியோடு நில்லாது சீனமும் கற்றார்.

சுத்த நிபாதத்தின் நான்காம் பிரிவாகிய அட்டகவர்க்கத்திற்கு, மூன்றாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சீன மொழிபெயர்ப்பு ஒன்றுண்டு. பாளியில் பெரிதும் செய்யுளாக நிற்பவை, சீனத்தில் அச்செய்யுள் பிறந்த கதையோடு நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சீன நூலைப் பாபட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1951இல் சாந்திநிகேதனிலிருந்து அது வெளிவந்தது. ஒரு மொழி அறிந்தவன் தன் நூலைப் போற்றுவான். இரு மொழி அறிந்தவனே அந்நூலின் பழமையை ஆராய வல்லான். 1957இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் பௌத்தக் கல்வித் துறை தோன்றியபோது, அதன் முதற்பேராசிரியராக அமர்ந்தவரும் இப்பாபட்டே.

ஏறும் படிகள்

முதற்படி பாளி. சாவித்திரிபாய் பூலே புனே பல்கலைக்கழகத்தின் பாளித் துறையில் சான்றிதழ்ப் படிப்பு முதல் முதுகலை வரை உண்டு. இத்தகைய துறைகள் நடத்தும் கருத்தரங்கு, சொற்பொழிவு ஆகியவற்றின் அறிவிப்பைக் கண்டால், பொதுமக்கள் வரலாமா என்று கேளுங்கள். வரலாமெனில் தயங்காது சென்று கடைசி வரிசையிலாவது அமருங்கள்.

இரண்டாம்படி ஜப்பானிய மொழி. இதே பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை ரானடே நிலையத்தில் இதனைக் கற்பிக்கின்றது. திலகர் மகாராஷ்டிர வித்யாபீடத்திலும் இது உண்டு. ஜப்பானிய மொழித் தேர்வு ஐந்து நிலைகள் கொண்டது. ஐந்தாம் நிலையில் தொடங்கி முதல் நிலைக்கு ஏற வேண்டும். அத்தாயின் கேள்விக்கு விடை இங்கே உள்ளது: மேல்நிலை தேறியோர்க்கு இந்நகரத் தொழிலகங்களிலும் கணினி நிறுவனங்களிலும் மொழிபெயர்ப்புப் பணி கிடைக்கின்றது. எல்லோர்க்கும் கிடைக்குமென்று யான் உறுதி கூறேன். கற்றவர்க்கே வாயில் திறக்கும் என்பது மட்டும் உறுதி.

மூன்றாம்படி சீனம். 1937இல் தாகூர் சாந்திநிகேதனில் திறந்துவைத்த சீன பவனம், 1951இல் நாலந்தையில் தோன்றிய நவ நாலந்தா மகாவிகாரம், டில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியக் கல்வித் துறை ஆகியன இதற்குரிய இடங்கள்.

நான்காம்படி கடல் கடந்த கல்வி. ஜப்பானிய அரசின் உதவித்தொகை கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம் மூன்றையும் ஏற்கின்றது. பட்டியல் சாதியினர்க்கான இந்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. 1990இன் திருத்தத்தால் பௌத்தரும் பட்டியல் சாதி உரிமைக்குள் வந்தனர். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். இந்தியப் பண்பாடு, வரலாறு பற்றிய ஆய்வுகளை 2022ஆம் ஆண்டு விதிகள் இவ்வுதவியினின்று விலக்கின. ஆதலின் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் படித்த பின்னரே தலைப்பை முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்று மகாராஷ்டிர அரசின் சலுகைகளுக்குச் செல்லாது; எந்தச் சான்று வேண்டுமென்பதை முன்கூட்டியே விசாரித்துத் தெளியுங்கள்.

நம் கடன்

1954 டிசம்பர் 25இல், பர்மாவிலிருந்து வந்த புத்தர் திருவுருவைப் பாபாசாகேப் அம்பேத்கர் நம் தேகுரோட்டில் நிறுவினார். திருவுரு கடல் கடந்து நம்மிடம் வந்தது. காஞ்சியிலிருந்து போன நூல்கள் இன்னும் தமிழுக்குத் திரும்பவில்லை. அவற்றைக் கொணர நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் எழ வேண்டாமா?

ஒவ்வொரு விகாரமும் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தை ஏற்கட்டும். ஒவ்வொரு வீடும் மாலையில் ஒரு மணி நேரம், அப்பிள்ளையை வேலை ஏவாது விடட்டும். அச்சிறுமி இப்போது பாளி எழுத்துப் பாடம் எழுதுகின்றாள். உடனமர்ந்து யானும் எழுதுகின்றேன். அவள் கேட்ட கேள்விக்கு யான் பிழையாக விடை சொன்னேன். நாளை யான் கேட்பேன். அவள் சரியாகச் சொல்லட்டும்.

சர்வ ஜீவராசிகளும் சுகமாயிருக்கக் கடவன!